பெரிய வெள்ளியன்று போட்ட ஊசி

ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட என்னை வீட்டில் சும்மா இருக்க விடவில்லை எங்கள் போதகர். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஓடித்திரிந்தவள் நான். இனிக் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம், முற்றத்தில் நாலு கத்தரிக் கன்று நடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பின்னேரம் அவர் வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, மெல்லத் தொடங்கினார்.

"மிஸி, எங்கடை சபையிலை பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். மிச்சப் பேருக்குப் பிறசர். நான் ஜெபிக்கிறன். நீங்கள் வந்து ஒருக்காப் பாருங்கோவன்."

எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பெயர் போகாது. நானும் சரி என்று தலையை ஆட்டினேன். அப்படித்தான் சபையின் சுகநலப் பணி என் தலையில் வந்து விழுந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிய, ஓய்வுநாள் பாடசாலை அறையில் மேசை போட்டு எல்லோருக்கும் பிறசர் பார்ப்பேன், சீனி பார்ப்பேன். கிழமை நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடுவில், உரும்பிராய் என்று ஊர் ஊராய், வீடு வீடாய்ப் போவேன். புண்ணுக்கு மருந்து கட்டுவது, கிளினிக் துண்டை வாசித்து விளங்கப்படுத்துவது, மருந்துக் குளிசை பெட்டியில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது, இதுகள்தான் வேலை.

லேசான வேலை என்று யாராவது நினைத்தால் வந்து செய்து பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வழி கேட்பான், ஏனென்றால் அவன் கட்டிலில் கிடக்கிறான். சபையில் அப்படி இல்லை. இவர்கள் எல்லோரும் பிரசங்கம் கேட்கிற அதே முகத்தோடு என் சொல்லையும் கேட்பார்கள். பக்தியாய்த் தலையாட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அவரவர் விருப்பம். "குளிசை எடுத்தீங்களோ?" என்று கேட்டால், "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார், மிஸி" என்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "கர்த்தர் பாக்கிறார்தான். நீங்கள் கேக் திண்டதையும் சேர்த்துத்தான் பாக்கிறார்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

இவர்கள் எல்லோரிலும் எனக்குப் பெரிய தலையிடி ரீச்சர்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டிவிட்டது. கணவர் காலமாகிப் பல வருடம். ஒரே மகன் கனடாவில். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். காலையும் பின்னேரமும் தன் வயிற்றில் தானே இன்சுலின் ஊசி போட வேண்டும். போடுவாரோ? ஒரு நாள் போடுவார், இரண்டு நாள் விடுவார். "ஊசி முடிஞ்சுபோச்சு" என்பார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மருந்துப் போத்தல் சிரித்துக்கொண்டு நிற்கும். "மறந்துபோனன்" என்பார். இருபது வருடத்துக்கு முந்திய மாணவியின் கணக்குப் புள்ளி நினைவிருக்கிற மனிசிக்கு ஊசி மறந்துபோகுமாம்! அவருடைய சீனி ஒரு நாள் முந்நூறு, மறுநாள் நானூறு. கால்விரல் ஒன்றில் புண் வந்து மாறாமல் கிடந்தது.

அந்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து நோன்புக் காலம் தொடங்க முன்னம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஆட்கள் லெந்து நாற்பது நாளும் ஏதாவது ஒரு பொருத்தனை பண்ணுவார்கள். இறைச்சி தின்பதில்லை, சினிமா பார்ப்பதில்லை, கோபிப்பதில்லை என்று. மனிசருக்குக் கொடுத்த வாக்கை எப்படியும் உடைப்பார்கள். கர்த்தருக்குப் பண்ணின பொருத்தனையை உடைக்க மாட்டார்கள். அப்படியென்றால், ஏன் இந்த முறை மருந்தைப் பொருத்தனை ஆக்கக்கூடாது?

நானே ஒரு தாள் எழுதினேன். 'இந்த லெந்து காலம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் என் மருந்தை எடுப்பேன் என்று கர்த்தருடைய சந்நிதியில் பொருத்தனை பண்ணுகிறேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு. நாற்பது பிரதி அடித்து ஞாயிறு காலை எல்லோரும் இருக்கிற வாங்குகளில் வைத்தேன். போதகருக்கு ஒரே சந்தோசம். ஆராதனை முடிவில் ஒவ்வொருவராய் எழும்பி வந்து பீடத்துக்கு முன்னால் இருந்த தட்டில் தாளைப் போட்டார்கள். ரீச்சரும் வந்தார். கையெழுத்தை வடிவாய் வைத்து, தாளை நாலாய் மடித்துப் போட்டார்.

அதிசயம்தான். மூன்று கிழமையில் ரீச்சரின் சீனி நூற்றைம்பதுக்கு வந்தது. புண் காயத் தொடங்கியது. பிறசர்க்காரர் எல்லோரும் ஒழுங்காய்க் குளிசை விழுங்கினார்கள். கிளினிக்கில் டொக்டர், "என்ன மிஸி, உங்கடை சேர்ச் ஆக்களுக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். நான் பெருமையில் ஊதிப்போய்த் திரிந்தேன். என்னை மாதிரிக் கெட்டிக்காரி யாழ்ப்பாணத்திலேயே இல்லை என்ற நினைப்பு. லெந்து காலம் எந்த நாளில் போய் முடிகிறது என்பதை மட்டும் இந்தக் கெட்டிக்காரி யோசிக்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது.

எங்கள் சபையில் அன்று பன்னிரண்டு மணி தொடக்கம் மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவார்கள். வியாழன் இரவுச் சாப்பாட்டோடு உபவாசம் தொடங்கும். வெள்ளி மூன்று மணிக்குப் பிறகுதான் மண்டபத்தில் கஞ்சி. சித்திரை வெயிலில் ஓடு கொதித்தது. காற்றாடி சுத்தியும் காற்று இல்லை. நானும் உபவாசம்தான். மூன்றாம் வார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது பாடகர் குழுவில் இருந்த அண்ணை ஒருவர் எழும்பி வாங்குகளைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். நடை சரியில்லை. நானும் பின்னால் போனேன்.

விறாந்தையில் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"என்ன அண்ணை செய்யுது?"

"ஒண்டுமில்லை மிஸி. வெக்கை."

நெற்றியைத் தொட்டேன். வெக்கை இல்லை, குளிர்ந்து நனைந்திருந்தது. கை நடுங்கியது. இந்தக் குளிர் வியர்வையை நான் எத்தனை வார்டில் தொட்டிருக்கிறேன்!

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"இண்டைக்கு என்னத்தைச் சாப்பிடுறது? மூண்டு மணிக்குக் கஞ்சிதான்."

"ஊசி?"

அந்த மயக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "அது விடியவே போட்டிட்டன். பொருத்தனையெல்லோ, மிஸி."

நான் கைப்பையைத் திறந்து துழாவத் தொடங்கினேன். இன்சுலின் ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டே போகும். முதலில் நடுக்கம், வியர்வை. பிறகு பேச்சுத் தடுமாறும். பிறகு ஆள் விழும். விழுந்து கனநேரம் கிடந்தால் மூளை போய்விடும். இப்படி வந்த ஒரு மனிசனை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஏற்றினோம், சீனி ஏறியது, ஆள் எழும்பவே இல்லை. பெண்சாதி கட்டிலடியில் இருந்து அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தா. உபவாச நாளில் ஊசி போடக்கூடாது, அல்லது ஊசி போட்டால் உபவாசம் இருக்கக்கூடாது. இது முதலாம் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நான் 'ஒரு நாளும் தவறாமல்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதுவும் கர்த்தருடைய பெயரால்!

கைப்பையில் கிடந்த இனிப்பு ரொபியை உரித்து நீட்டினேன். அவர் தலையைத் திருப்பினார்.

"மூண்டு மணியாகேல்லை, மிஸி."

"வாயைத் திறவுங்கோ அண்ணை! ரொபி திண்டதுக்குக் கர்த்தர் உங்களை நரகத்துக்கு அனுப்பமாட்டார். தின்னாட்டி நான் அனுப்புவன்!"

உள்ளே பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்திவிட்டார். அவ்வளவு சத்தம். அண்ணை வாயைத் திறந்தார். மண்டபத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்ற பெண்களிடம் ஓடிப்போய்ச் சீனி கரைத்த தண்ணீர் வாங்கிவந்து குடிக்க வைத்தேன். ஒருத்தியை அவருக்குக் காவல் வைத்துவிட்டு, விரலை மடித்து எண்ணினேன். தாள் போட்டவர்களில் குளிசைக்காரர்தான் கனபேர். இன்சுலின் போடுகிறவர்கள் நாலு பேர். இந்த அண்ணை ஒருவர். பழைய தபாலதிபரும் அவர் மனைவியும் இருவர். நாலாவது ரீச்சர்.

உள்ளே போய்த் தபாலதிபரின் மனைவிக்குப் பக்கத்தில் குனிந்தேன். "ஊசி போட்டனீங்களோ? சாப்பிட்டனீங்களோ?" அந்த மனிசி வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னா: "போதகர் ஐயாவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸி. காலமை ரெண்டு பேரும் கதவைப் பூட்டிப்போட்டு நாலு இடியப்பம் திண்டிட்டம்."

அந்த இடத்திலேயே அவவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன். நாலு இடியப்பத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன்.

பிறகு நிமிர்ந்து, ரீச்சர் வழக்கமாய் இருக்கிற இரண்டாவது வாங்கைப் பார்த்தேன். அவர் இல்லை.

ரீச்சர் ஆராதனைக்குப் பிந்தி வருகிற ஆள் இல்லை. பெரிய வெள்ளிக்கு வராமல் விடுகிற ஆளே இல்லை. வெளியே ஓடிவந்து போன் அடித்தேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. திரும்ப அடித்தேன். மூன்றாம் முறையும் எடுக்கவில்லை. நேரம் ஒன்று ஐந்து. விடிய ஆறரைக்கு ஊசி போட்டிருந்தால் ஆறரை மணித்தியாலம். ஸ்கூட்டியில் பாய்ந்து ஏறினேன்.

ரீச்சர் வீட்டுக்கு அந்த ஒன்றரை மைல் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தெருவில் ஒரு குருவி இல்லை. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், சிவப்பு மண், வெயில். ஜெபிக்கப் பார்த்தேன். 'கர்த்தரே, ரீச்சர் ஊசி போடாமல் விட்டிருக்க வேணும்' என்பதுதான் வாயில் வந்தது. ஒன்றரை வருடமாய் ஊசி போடு, ஊசி போடு என்று அந்த மனிசியின் உயிரை எடுத்தவள், இப்போது போட்டிருக்கக்கூடாது என்று அழுதுகொண்டு போகிறேன். பழைய ரீச்சராய் இருந்திருந்தால் பயமே இல்லை. மறந்துபோனன் என்று சொல்லியிருப்பார். அந்தத் தாள்தான் அவரை மாற்றிவிட்டது.

கேற் உள்ளுக்குப் பூட்டியிருந்தது. ஆமைப்பூட்டு. "ரீச்சர்! ரீச்சர்!" என்று கத்தினேன். கேற்றைப் பிடித்து உலுப்பினேன். உள்ளே ஒரு அசுமாத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. சைவக்காரர், நல்ல சனம். புருசன் ஓட்டோ ஓடுகிறவர்.

"என்ன மிஸி? ரீச்சர் கோயிலுக்குப் போகேல்லையே?"

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"பத்து மணி போலை கிணத்தடியிலை நிண்டவா. கூப்பிட்டனான், என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் பாத்தா. நான் நினைச்சன், உங்கடை விரத நாளெல்லோ, கதைக்கமாட்டா எண்டு."

ஐயோ! பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. ஆள் தெரியாமல் பார்ப்பதுதான் அறிகுறி. அந்தப் பெண் அதைப் பக்தி என்று நினைத்திருக்கிறா. அவவில் என்ன பிழை?

"உங்கடை மனிசனைக் கூப்பிடுங்கோ! கெதியா!"

புருசன் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். ஏணியைக் கொண்டுவந்து மதிலில் சாத்தினார். அவர் ஏற முன்னம் நான் ஏறிவிட்டேன். அறுபது வயதில், வெள்ளைச் சீலையோடு, முழங்கால் வருத்தத்தோடு மதில் பாய்ந்தவள் நான். மற்றப் பக்கம் விழுந்த விழுகையில் முழங்கை உரிந்தது, அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

குசினிக் கதவு திறந்திருந்தது. அறைக்குள் ரீச்சர் நிலத்தில் கிடந்தார். கோயிலுக்கு வெளிக்கிட்டிருக்கிறார். வெள்ளைச் சீலை பாதிதான் உடுத்தியிருந்தது, மிச்சம் கட்டிலில். சட்டை தோய்ந்துபோய் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. மூச்சு குறட்டை மாதிரி இழுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது, பிறகு அதே சத்தத்துக்குப் பயந்தேன். வார்டில் பார்த்த அந்த மனிசனுக்கும் இப்படித்தான் இழுத்தது.

ஆளைப் பக்கவாட்டில் திருப்பினேன். விரலில் குத்திச் சீனி பார்த்தேன். எப்போதும் கைப்பையில் கிடக்கிற மெஷின் எண் காட்டவில்லை. அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது. மயங்கிக் கிடக்கிறவருக்குத் தண்ணீர் பருக்கக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். சீனியை ஈரமாக்கிப் பல் முரசில் பூசலாம். அதுதான் அந்த நேரத்தில் என்னால் ஏலுமானது. குசினிக்கு ஓடினேன். தட்டில் தேயிலை இருந்தது, உப்பு இருந்தது, மா இருந்தது. சீனி இல்லை. சக்கரை இல்லை. ஒரு பனங்கட்டித் துண்டு இல்லை. போத்தல் போத்தலாய்த் திறந்து கீழே எறிந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் நான்தான் இந்தக் குசினிக்குள் நின்று இனிப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோனேன்.

"சீனி! ஆராவது சீனி கொண்டோடி வாங்கோ!" என்று நான் போட்ட கத்தலுக்கு அந்த ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன.

பக்கத்து வீட்டுப் பெண் தேன் போத்தலோடு வந்தா. ஏணியில் ஏறி, போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறா. நான் விரலில் தோய்த்து ரீச்சரின் கன்னத்துக்குள்ளும் முரசிலும் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்தேன். "ரீச்சர், என்னைப் பாருங்கோ. ரீச்சர், நான் மிஸி." பல் இறுகியிருந்தது. அதற்குள் புருசன் பூட்டைக் கல்லால் அடித்து உடைத்து ஓட்டோவை உள்ளே கொண்டுவந்துவிட்டார். மூன்று பேருமாய்த் தூக்கி ஏற்றினோம். அம்புலன்சைக் கூப்பிட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டோவில் அவருடைய தலை என் மடியில். ஒரு கையால் நாடி பிடித்தேன், மறு கையால் தேன் பூசினேன். கனடாவில் இருக்கிற மகனுக்கு என்ன சொல்வது? 'தம்பி, உங்கள் அம்மா சரியாய் ஊசி போட்டா. நான் சொன்ன மாதிரியே போட்டா.' சபைக்கு என்ன சொல்வது? இதையும் எழுதிவிட வேண்டும்: பயத்தில் பாதி எனக்காகத்தான். பொலிஸ் வருமோ, விசாரணை வைப்பார்களோ, அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறதோ என்றெல்லாம் அந்த ஓட்டோவுக்குள் யோசித்தேன். ஒரு மனிசி மடியில் போய்க்கொண்டிருக்கிறபோது அப்படியும் யோசனை வருகிறது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசி குத்திக் குளுக்கோசு ஏற்றினார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வழக்கமாய் இதற்குள் கண் திறப்பார்கள். ரீச்சர் திறக்கவில்லை. டொக்டர் இன்னும் ஒரு ஊசி மருந்து எடுக்கச் சொன்னார். இளம் பெடியன், அவன் முகத்திலும் நிறம் இல்லை. நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க எனக்கு என்ன முகம் இருந்தது?

பிறகு ரீச்சரின் விரல்கள் போர்வையைச் சுரண்டின. கண்கள் மேலும் கீழும் போய், டொக்டரில் வந்து நின்றன.

"அம்மா, உங்கடை பேர் என்ன?"

சொன்னார். எந்த ஊர் என்றும் சொன்னார். என்ன நாள் என்று கேட்டதற்கு, "இது என்ன கேள்வி தம்பி? பெரிய வெள்ளி" என்றார். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

டொக்டர் துண்டில் எழுதிக்கொண்டு கேட்டார். "சாப்பிடாமல் ஏன் அம்மா ஊசி போட்டனீங்கள்? ஆராவது போடச் சொன்னவையோ?"

நான் எழும்பினேன். வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். ரீச்சர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு டொக்டர் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, தம்பி. வயசு போட்டுது. சாப்பிட்டன் எண்டு நினைச்சுப் போட்டிட்டன்."

"இனிக் கவனமாய் இருக்க வேணும். இந்த அம்மா வந்தபடியால் தப்பினீங்கள்." அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். கர்த்தருக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரையே விடப்பார்த்த மனிசி அவர். பெரிய வெள்ளியன்று எனக்காகப் பொய் சொன்னார். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சனிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். உயிர்த்த ஞாயிறு ரீச்சர் ஓட்டோவில் ஆராதனைக்கு வந்தார். அறிவித்தல் நேரத்தில் போதகர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். தக்க வேளையில் கர்த்தர் தம்முடைய ஊழியக்காரியை எழுப்பி ஒரு சகோதரியின் உயிரைக் காத்தார் என்றார். சபை எழும்பி நின்று எனக்காகத் துதி பாடியது. ரொபி தின்ற அண்ணையின் தாழ்ந்த குரல் எல்லாவற்றுக்கும் மேலாய்க் கேட்டது. ரீச்சரும் எழும்பப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்கள் இருத்திவிட்டார்கள். நான் முன்னால் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. உபவாச நாளில் ஊசிக்காரர் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து இருந்தேன். என்ன கவனமான மிஸி என்று ஒருத்தி பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. அவர் பாணும் பருப்பும் சாப்பிட்டு, ஊசியும் போட்டு, முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தேன். நூற்றிருபது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு தொடங்கினேன்.

"ரீச்சர், வாற ஞாயிறு நான் எழும்பிச் சொல்லப்போறன். பிழை என்ரை எண்டு. தாள் நான் எழுதினது, யோசிக்காமல் எழுதினது. டொக்டரிட்டையும் போய்ச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. சொல்லுறது நல்லது" என்றார். கோபம் இல்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

எனக்கு ஆறவில்லை. என் பிழையைச் சொன்ன அடுத்த நிமிடமே திரும்பவும் பழைய நானாகிவிட்டேன். குரல் ஏறிவிட்டது.

"நீங்கள் கணக்கு ரீச்சரெல்லோ! ஊசி போட்டால் சாப்பிட வேணும் எண்டு உங்களுக்கு நான் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்? உபவாசத்திலை என்ன செய்யிறது எண்டு எனக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாமே? ஒரே ஒரு போன்!"

அவர் பஞ்சு வைத்த விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை நடுங்க வைத்த மனிசி.

"யோசிச்சனான், மிஸி. ஊசியைக் கையிலை வைச்சுக்கொண்டு யோசிச்சனான். சாப்பிடாமல் போட்டால் பிழை எண்டு தெரியும். போடாமல் விட்டால் பொருத்தனை உடையும். உங்களைக் கேப்பம் எண்டு போனை எடுத்தனான். நம்பரும் அமத்தினனான். மணி அடிக்க முன்னம் வைச்சிட்டன்."

"ஏன் ரீச்சர்?"

"அண்டைக்கு விடியக்காலமை உங்களிட்டை ஏச்சு வாங்க எனக்குப் பெலன் இருக்கேல்லை."

நான் அவருடைய விரலை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். எனக்கு ஏசத் தெரிந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.